காட்டு ரோஜாவுக்கு அடித்த கற்பூரம்

இப்போதெல்லாம் யாரும் ஆளைப் பார்த்துப் பேசுவதில்லை. போனைப் பார்த்துப் பேசுகிறார்கள். மழை வருமா என்று கேட்டால் அண்ணாந்து பார்ப்பதில்லை, குனிந்து பார்க்கிறார்கள். போன மாதம் நர்சரிக்கு ஒரு பொம்பளை வந்தாள். செம்பருத்தியில் இலை சுருட்டிக்கொண்டதாம், என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்டாள். சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்குள் போனில் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆமா அங்கிள், நீங்க சொன்னது கரெக்ட்தான்" என்றாள். எனக்குச் சர்ட்டிபிகேட் கொடுக்கிறாள். ஐம்பத்தைந்து வருஷமாக மண்ணில் கை வைத்திருக்கிறேன்.

லோகேஸ்வரியும் போனோடுதான் வந்தாள்.

என் பெயர் சபாபதி. வயது எழுபத்தாறு. கிள்ளானுக்குப் பக்கத்தில், மேரு என்கிற ஊரில், ஒரு நர்சரியில் வேலை. தண்ணீர் ஊற்றுவேன், பையில் மண் நிரப்புவேன். பின்னால் தகரம் போட்ட அறை ஒன்று கொடுத்திருக்கிறார்கள். பெண்டாட்டி செத்து முப்பத்து மூன்று வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை. பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி.

அன்றைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி இருக்கும். வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. கண்ணாடி போட்ட பெண் இறங்கினாள். நாற்பது தாண்டியிருக்கும்.

"சபாபதி மாமாதானே?"

"எந்தச் சபாபதி?" என்றேன். பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் எதையாவது விற்கத்தான் வருவார்கள்.

"நான் லோகா, மாமா. தம்புசாமி மக. கேமரன் மலையில உங்க பக்கத்து வீடு."

நான் மண் அள்ளுவதை நிறுத்தவில்லை. மலையை விட்டு அவர்கள் இறங்கியபோது இந்தப் பெண்ணுக்குப் பதினாலு வயது. சீருடையோடு லோரியில் ஏறி உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது. இப்போது இடைநிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சராம்.

"அப்பாவுக்கு ரெண்டு கிட்னியும் போச்சு மாமா. அஞ்சு வருஷமா ரத்தம் சுத்தம் பண்ணிக்கிட்டிருந்தோம். போன வாரம் அவரே போதும்னு நிறுத்திட்டாரு. ரெண்டு வாரம் தாங்குவாருன்னு டாக்டர் சொல்றாரு."

"சரி."

"உங்களப் பாக்கணுமாம்."

"எதுக்கு?"

"தெரியாத மாதிரி கேக்குறீங்க."

தெரியும். தெரியாமல் என்ன.

கேமரன் மலையில் ஒரு தவுக்கேயிடம், அதாவது சீன முதலாளியிடம், நானும் தம்புசாமியும் பூத்தோட்டத்தில் வேலை செய்தோம். தோட்டத்து வேலியில் ஒரு காட்டு ரோஜா இருந்தது. எப்போதோ அங்கே பங்களா வைத்திருந்த வெள்ளைக்காரி ஊரிலிருந்து கொண்டுவந்து நட்டது. அவள் அதை நாய் ரோஜா என்று சொல்வாளாம். நாங்களும் நாய் ரோஜா என்றே சொன்னோம். அஞ்சே இதழ், வெளிறிப்போன ரோஸ் நிறம். வருஷத்தில் ஒரு தடவை பூக்கும், சில வருஷம் அதுவும் இல்லை. ஆனால் நோய் அண்டாது. முள் ஒவ்வொன்றும் கொக்கி மாதிரி இருக்கும்.

மேட்டுக் கொட்டகையில் தவுக்கே சிவப்பு ரோஜா ஒன்று வைத்திருந்தார். சீனாவிலிருந்து வந்த சாதி. சின்னப் பூ, ரத்தச் சிவப்பு, பன்னிரண்டு மாதமும் பூக்கும். ஆனால் நோஞ்சான். ஒரு வாரம் விடாமல் மழை பெய்தால் இலை முழுக்கக் கொட்டிவிடும். இரண்டையும் சேர்த்தால் நாய் ரோஜாவின் உடம்பில் சிவப்புப் பூ வருஷம் பூரா பூக்கும் என்று தவுக்கே கணக்குப் போட்டார். "நீங்க ரெண்டு பேரும் செஞ்சு பாருங்க. வந்துச்சுன்னா பேரை நீங்களே வைங்க" என்றார். என்ன பேர் என்று நான் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். சீதாலெட்சுமி. என் பெண்டாட்டி பேர். அவளுக்கு அப்போது வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவளிடம் சொன்னேன். "முள்ளுச் செடிக்கா என் பேரு" என்று சிரித்தாள்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். நாய் ரோஜாவின் மொட்டு விரிவதற்கு முந்தின நாள் இதழைப் பிய்த்துவிட்டு, உள்ளே இருக்கும் மகரந்தப் பைகளை நகம் வெட்டும் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்து, காகித உறை மாட்டிக் கட்டுவது என் வேலை. மறுநாள் காலை மேட்டுக் கொட்டகைக்கு ஏறி, சிவப்புப் பூவின் தூளை பிலிம் டப்பாவில் தட்டி எடுத்துக்கொண்டு வந்து, உறையைத் திறந்து தடவி, மறுபடி கட்டுவது தம்புசாமி வேலை. காலையில் நான் ஆஸ்பத்திரியில் இருப்பேன். அதனால்தான் அப்படிப் பிரித்தோம்.

காய் பிடித்தது. பழுத்ததும் விதையை எடுத்து ஈர மணலில் போட்டு, தவுக்கே வீட்டு ஐஸ் பெட்டியில் மீனுக்குப் பக்கத்தில் மாதக்கணக்கில் வைத்தோம். பனி பட்டால்தான் அது முளைக்கும். சிலது முளைக்க இரண்டு வருஷம் ஆனது. அதற்குள் சீதாலெட்சுமி போய்ச் சேர்ந்துவிட்டாள். இருபத்தாறு கன்று தேறியது. முதல் பூ வர நாலு வருஷம் ஆனது.

இருபத்தாறும் நாய் ரோஜா. அஞ்சு இதழ், வெளிறின ரோஸ், ஒரு தடவை பூத்துவிட்டு நின்றுவிட்டது. சிவப்பு இல்லை. தாயை அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. தவுக்கே பார்த்துவிட்டுப் போய்விட்டார். மறுமாதம் அந்த இடத்தில் தக்காளி போட்டார்.

நான் எத்தனையோ ரோஜாவைக் கலந்து பார்த்தவன். தாய் பாதி, தகப்பன் பாதி வரும். ஒன்றுகூடத் தகப்பனைப் போல இல்லை என்றால் தகப்பன் இல்லை என்று அர்த்தம். மேட்டுக்கு ஏறச் சோம்பல்பட்டு, பக்கத்துக் கிளையிலிருந்தே நாய் ரோஜாத் தூளை எடுத்துத் தடவிவிட்டான் தம்புசாமி. குடிக்கிறவன். காலையில் எழுந்திருக்க மாட்டான். எல்லாரும் இருக்கும்போது சொன்னேன்.

அவன் இல்லை என்றான். தோட்டத்தில் முனியாண்டி சாமி உண்டு. சண்டை முற்றினால் அங்கே போவார்கள். வெற்றிலையில் கற்பூரம் ஏற்றி, எரியும்போதே உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தால் அதோடு பேச்சு முடிந்தது. அதற்கு மேல் யாரும் வாய் திறக்கக் கூடாது. கொலைப் பழியே அப்படித் தீர்ந்திருக்கிறது. தம்புசாமி குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து கற்பூரம் அடித்தான். மேஸ்திரி, "சரி, முடிஞ்சுது" என்றார்.

நான் வாய் திறந்தேன். "கற்பூரம் சுடும். பொய்யனையும் சுடும், யோக்கியனையும் சுடும். அதுக்கு ஆள் தெரியுமா?" என்றேன்.

அங்கே அப்படி அதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை. அதற்குப் பிறகு அவனுக்குப் பொய்ப்பூ தம்புசாமி என்று பேர் ஆகிவிட்டது. அடுத்த மாதம் குடும்பத்தோடு இறங்கிவிட்டான். கீழே பட்டணத்தில், பிரிக்பீல்ட்ஸில் மாலைக் கடை போட்டான் என்று கேள்விப்பட்டேன். கீழே பூ ஏற்றிப் போகிற லோரிக்காரனிடம் நான்தான் சொல்லிவிட்டேன், அது பொய்ப்பூக் கடை என்று. அதையும் மறைப்பதற்கில்லை.

இந்தக் கதைக்குத்தான் லோகா வந்திருந்தாள்.

"மாமா, அப்பா ஏமாத்தல. இப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது. பாடத்துக்காகத் தேடிக்கிட்டிருந்தேன். நாய் ரோஜான்னு வீட்ல பேசிக்குவீங்களே, அதை அப்படியே இங்கிலீஷ்ல போட்டுத் தேடினேன். பாருங்க." போனை நீட்டினாள்.

"எனக்குக் கண்ணு தெரியாது."

"சரி, நான் சொல்றேன்." குனிந்து என் கறுப்புப் பைகளில் அஞ்சை எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தாள். "நிறம், குணம் எல்லாத்தையும் கொண்டுபோற கட்டு ஒண்ணு இருக்கு மாமா. எந்த உயிரா இருந்தாலும் தாய்கிட்டேருந்து ஒரு கட்டு, தகப்பன்கிட்டேருந்து ஒரு கட்டு. ரெண்டும் ஜோடி சேந்து, பாதி பாதியாப் பிரிஞ்சு பிள்ளைக்குப் போகும். இந்த ரோஜாவுக்கு ரெண்டு இல்ல. அஞ்சு கட்டு."

"அது எப்படி அஞ்சு?"

"பல சாதி ரோஜா கலந்து வந்தது மாமா. ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, பனிக்கட்டி மூடிக் கிடந்த நாடெல்லாம் பனி உருகித் திறந்தப்போ, அங்கயும் இங்கயும் இருந்த ரோஜாவெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்துச்சுன்னு சொல்றாங்க. அப்படிக் கலந்து பொறந்தது சாதாரணமா மலடாப் போயிடும். ஒத்தப்படையா இருந்தா ஜோடி சேராதில்ல? இது மலடாகாம ஒரு வழியில பொழச்சுக்கிச்சு." இரண்டு பைகளைச் சேர்த்து வைத்தாள். "இந்த ரெண்டுதான் ஜோடி. இந்த மூணும் ஒண்டி. மகரந்தத் தூளுக்குப் போறப்போ ஜோடியில ஒண்ணுதான் போகும். ஒண்டி மூணும் வழியிலயே தொலஞ்சிடும். ஆனா காய்க்குள்ள இருக்கிற முட்டைக்குப் போறப்போ ஜோடியில ஒண்ணு, அதோட ஒண்டி மூணும் அப்படியே போகும். எத்தனை?"

நான் பள்ளிக்கூடப் பிள்ளை இல்லை. மண்ணை அள்ளினேன்.

"நாலு மாமா. தாய் நாலு பங்கு, தகப்பன் ஒரு பங்கு. அதான் தாய் மாதிரியே இருக்கும். நீங்க நாய் ரோஜாவைத் தாயா வச்சீங்க. சிவப்பைத் தாயா வச்சு, இதோட தூளை அதுல போட்டிருந்தா பிள்ளை வேற மாதிரி வந்திருக்கும். அப்பா சரியாத்தான் செஞ்சிருக்காரு. யார் செஞ்சிருந்தாலும் அப்படித்தான் பூத்திருக்கும்."

"பையை எடு. மண்ணு ஒட்டுது" என்றேன்.

பைகளை எடுத்துத் தட்டி அடுக்கினாள். கோபப்படவில்லை. "வாங்க மாமா. கார்லயே கூட்டிப் போறேன். ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுங்க. நீ ஏமாத்தலடான்னு. அவருக்கு வேற ஒண்ணும் வேணாம்."

போனேன். அந்தப் பை வித்தையை நம்பிப் போகவில்லை. சாகப் போகிறவன் உண்மையை ஒத்துக்கொள்வான் என்று நினைத்தேன். அதைக் காதால் கேட்டுவிடலாம் என்று போனேன்.

வழியெல்லாம் ஜாம். லோகா பேசிக்கொண்டே ஓட்டினாள். கடை போட்ட இரண்டாவது வருஷமே கோயில் மாலை ஆர்டரை நிறுத்திவிட்டார்களாம். பேர் அப்படி இருக்கிறவன் கட்டின மாலை சாமிக்கு வேண்டாம் என்று யாரோ கமிட்டியில் சொன்னார்களாம். இவளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் சித்தப்பா, "பொய்ப்பூ வீடா?" என்று கேட்டுக்கொண்டே காப்பி குடித்தாராம். நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் சொன்னதெல்லாம் காதில் விழுந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சீதாலெட்சுமியைத் தூக்கிக்கொண்டு போன நாளிலிருந்து அப்படித்தான். யார் செத்தாலும் யார் பிழைத்தாலும் எனக்கு மரத்துப்போன கால் மாதிரி இருக்கும். இருக்கிறது, தெரியாது.

பிரிக்பீல்ட்ஸில் பழைய பிளாட். நாலாவது மாடி. கூடத்தில் கட்டில் போட்டிருந்தார்கள். தம்புசாமி பாதி ஆளாக ஆகியிருந்தான். முகம் ஊதியிருந்தது, கை குச்சி. என்னைப் பார்த்ததும் பல் இல்லாமல் சிரித்தான்.

"வாடா சபாபதி. நீ இன்னும் சாகலையா?"

"நீ முன்னாடி நிக்கிற. எப்படி உன்னைத் தாண்டுறது?"

"வழி வேணும்னா விடுறேன். போறியா?"

"வந்ததுக்கு ஒரு காப்பி குடிச்சிட்டுப் போறேன்."

லோகா உள்ளே போய்க் காப்பி கலக்கினாள். அவன் என் காலைப் பார்த்தான். "சிலிப்பர்ல மண்ணு. இன்னும் மண்ணுதானா?"

"வேற என்ன தெரியும்?"

"அதுவும் சரியாத் தெரியாது உனக்கு" என்று சொல்லிவிட்டு இருமினான். இருமல் நிற்க நேரம் ஆனது. "லோகா சொன்னாளா? நாலு பங்கு, ஒரு பங்கு?"

"சொன்னா. பை எல்லாம் வச்சுக் காட்டினா."

"எனக்குத் தாயக்கட்டை வச்சுக் காட்டினா. எனக்கும் பாதிதான் புரிஞ்சுது. படிச்ச பிள்ள சொல்லுது, கேட்டுக்கிட்டேன். எனக்கு அது தேவையும் இல்ல. நான் தூள் போட்டேன்னு எனக்கு எவனும் படிச்சுச் சொல்ல வேணாம்."

ஒத்துக்கொள்ளப் போகிறான் என்று இன்னமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணு கேக்குறேன். கன்னோட கொழுந்து பாத்தியா?"

"எந்தக் கொழுந்து?"

"நடிக்காதடா. நாய் ரோஜாவுக்குக் கொழுந்து பச்சை. நம்ம கன்னுக்குக் கொழுந்து செவப்பு. இருபத்தாறுக்கும். முள்ளு நுனிகூடச் செவப்பு. மேட்டுச் செடிக்கு எப்படியோ அப்படி. தினம் தண்ணி ஊத்துனவன் நீ. பாத்தியா, இல்லையா?"

பார்த்தேன். முதல் வருஷமே பார்த்தேன். விரலால் தொட்டுக்கூடப் பார்த்தேன். நம்ம சிவப்பு ஏறுது என்று அன்றைக்கு எனக்குள்ளே நானே சொல்லிக்கொண்டதும் உண்டு. பிறகு பூ வந்தது, பூவில் சிவப்பு இல்லை, அதோடு கொழுந்தை மறந்துவிட்டேன்.

"வெயில் பட்டா எந்த ரோஜாக் கொழுந்தும் செவக்கும்" என்றேன்.

"பக்கத்துலயே நின்ன தாய்ச்செடிக்கு அந்த வெயில் படலையா?"

"அது வேலியோரம். நிழல்."

லோகா காப்பியை என் கையில் கொடுத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"சரி, பூவை விடு. கொழுந்தை விடு" என்றான் தம்புசாமி. "பூவுல செவப்பு வரலைன்னு நீ சந்தேகப்பட்டது தப்பில்ல. நானா இருந்தாலும் பட்டிருப்பேன். சீதா வேற போயிட்டா. நான் கேக்குறது அது இல்ல. கற்பூரம் அடிச்சேனே. அதை ஏன்டா நம்பல? எவன் அடிச்சாலும் நம்புவாங்க. கோழி திருடின குப்பன் அடிச்சதைக்கூட நம்பினீங்க. நான் அடிச்சதை மட்டும் ஏன் நம்பல?"

வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"நீ தூள் போட்டதை நான் பாக்கல. பாக்காததைப் பாத்தேன்னு சொல்ல எனக்கு வராது."

"போடாததையும் நீ பாக்கலையே."

காப்பி சூடாக இருந்தது. ஊதிக் குடித்தேன்.

"மாமா" என்றாள் லோகா. குரல் மாறிப்போயிருந்தது. "ஒரு வார்த்தை மாமா. இங்க நம்ம மூணு பேர்தான் இருக்கோம். மனசுல இல்லாட்டியும் பரவால்ல. சும்மா சொல்லுங்க. பொய்யாவாச்சும் சொல்லிட்டுப் போங்க."

எனக்கு அதில் என்ன நஷ்டம்? ஒன்றும் இல்லை. சொல்லியிருக்கலாம். ஆறு எழுத்து, ஏழு எழுத்து. வாயைத் திறந்தும் பார்த்தேன். சொன்னால், கற்பூரத்தை நம்பாதவன் அஞ்சு பிளாஸ்டிக் பையை நம்பினான் என்று ஆகிவிடும். அதோடு, இவன் தூள் போட்டது நிஜம் என்றால், முப்பது வருஷமாக நான் யார் மேல் கோபமாக இருந்தேன்? காட்டுச் செடி மேலேயா?

"பொய் வேணாம் லோகா" என்றான் தம்புசாமி. "அதை முப்பது வருஷம் வாங்கிட்டேன். ஸ்டாக் நிறைய இருக்கு." சிரித்தான். இந்தத் தடவை சத்தம் வரவில்லை. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். திரும்புவதற்கு அவனுக்கு மகள் கை வேண்டியிருந்தது.

நான் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். போய்ட்டு வரேன் என்று சொல்லவில்லை. சாகக் கிடக்கிறவன் வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது என்று எனக்கும் தெரியும். லோகா கதவு வரைக்கும் வந்தாள். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"மாமா, அந்தக் கன்னுல ஒண்ணாச்சும் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். "இருந்தா டெஸ்ட் பண்ணிப் பாத்திடலாம். எனக்கு ஆள் தெரியும்."

"எல்லாத்தையும் நானே வெட்டி எரிச்சிட்டேன்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். கதவைச் சாத்தும்போது சத்தம் வராமல் சாத்தினாள்.

வெளியே நல்ல வெயில். சென்ட்ரல் ரயில் ஸ்டேஷனுக்கு நடந்தேன். வழியில் மாலைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ரோஜாவைக் காம்பில்லாமல் கிள்ளித் தட்டில் குவித்து வைத்திருந்தார்கள். "அங்கிள், மாலை வேணுமா?" என்று ஒருத்தி கேட்டாள். வேண்டாம் என்று கையை ஆட்டினேன்.

நாலு பங்கு தாய், ஒரு பங்கு தகப்பன். படித்தவர்கள் ஏதேதோ எண்ணுகிறார்கள். விதைக்குள்ளே எவன் போய்ப் பார்த்தான்? போனில் ஒருத்தன் எழுதுகிறான், இன்னொருத்தன் அதைப் பார்த்து எழுதுகிறான். கொழுந்து சிவப்பாக இருந்தது உண்மைதான். இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் மலை வெயில் சாதாரண வெயில் இல்லை. சுள்ளென்று அடிக்கும். அந்த வேலி காலையில் நிழலாகத்தான் இருந்தது. சாயங்காலம் எப்படி இருந்தது என்று யோசித்துக்கொண்டே ரோட்டைக் கடந்தேன். சாயங்காலமும் நிழல்தான் என்று நினைக்கிறேன். சரியாக ஞாபகம் இல்லை.

டிக்கெட்டை மெஷினில் எடுக்கச் சொன்னார்கள். ஆள் இருக்கிற கவுண்டர் எது என்று கேட்டுக்கொண்டு அந்தப் பக்கமாக நடந்தேன்.